ஊரார் வீட்டுக்கு ஆயா

9 ஜூன் 2008, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. விசிட்டிங் கார்டில் 'கிளை மேலாளர், விருத்தாசலம்' என்று போட்டிருக்கிறார்கள். கிளை என்பது ஜங்ஷன் ரோடு செராக்ஸ் கடையில் ஒரு மேசை. அதைத் துடைப்பதும் கிளை மேலாளர்தான்.

கம்பெனி பேர் நிழல் ப்ராப்பர்ட்டி கேர். வீடு வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு அந்த வீட்டைப் பார்த்துக்கொடுப்போம். ஆள் குடிவைப்பது, வாடகை வாங்குவது, குழாய் ரிப்பேர், வீட்டு வரி எல்லாம். கட்டணம், மாதாமாதம் வாடகையில் ஒரு பங்கு. "இன்வெஸ்டர்ஸையும் புரோக்கர்ஸையும் பிடிங்க மேடம், மத்தது தானா வரும்" என்கிறார் சென்னையிலிருந்து எம்.டி. தமிழ்மணி சார். பிடித்துக் கூடையில் போட அவர்கள் என்ன கோழியா?

என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. ஊரார் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம். பி.காம். படித்ததற்கு இதுதான் பலன். பாரியைப் பக்கத்து வீட்டுக் கமலக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். ஒன்றே முக்கால் வயசு, கையில் கிடைத்தது எல்லாம் வாய்க்குள். பட்டன் கிடக்குதா பாருங்க, சில்லறை கிடக்குதா பாருங்க என்று போன் மேல் போன். "நாலு பெத்தவடி நானு! போன வையி" என்றார். வைத்தேன். பிறகு மறுபடியும் பண்ணினேன்.

14 ஜூன்

பாரி அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் மறுபடி ஷிப்ட் குறைப்பு. கரண்ட் இருந்தால்தானே மெஷின் ஓடும். அவரோடு டிப்ளமோ படித்த தங்கராசு குஜராத்தில் மோர்பியில் இருக்கிறார். அங்கே தெருவுக்குத் தெரு டைல்ஸ் கம்பெனியாம். "குடும்பத்தோட வந்துடுறா மாப்ள" என்று போனில் கத்துவது அடுப்படிவரை கேட்டது.

அந்த ஊரில் பாரிக்கு ஜுரம் வந்தால் டாக்டரிடம் எந்த பாஷையில் சொல்வேன்? நடித்துக் காட்டவா?

"உன் ஆபீஸு நிக்குதான்னு பாப்போம் ப்ரியா. நிக்கலன்னா மூணு பேரும் கெளம்பிடலாம்" என்றார். நின்றால்? அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எம்.டி. கணக்கு: ஆகஸ்ட் முடிவதற்குள் இருபது வீடு. இல்லாவிட்டால் மேசையை எடுத்துவிடுவார்களாம். இதுவரை வந்தது, பூஜ்யம்.

22 ஜூன், ஞாயிறு

'முதலீட்டாளர் சந்திப்பு'. லாட்ஜ் ஹாலில். பேனர் கட்டி, கேசரி, வடை, காபி. நெய்வேலியில் ரிட்டையராகி நாலு வீடு வாங்கிப் போட்டிருக்கும் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பேசப் பேசத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடிந்ததும் எழுந்து கேட்டார்: "ஏம்மா, பிளாட்டு சதுர அடி என்னா வெல?"

பிளாட்டே இல்லை சார், உங்க வீட்டைத்தான் பார்த்துக்கொள்வோம் என்றேன். "எங்க வூட்ட நீ எதுக்கும்மா பாக்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். வடை நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

3 ஜூலை

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நோட்டீஸ் வாசகம் நானே எழுதியது. 'எங்களிடம் விடுங்கள் — குடித்தனக்காரர் ஐந்து வருஷம் அசையமாட்டார்!' பாலக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை ஒரு புரோக்கர் விடாமல் என் கையாலேயே கொடுத்தேன். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. சாமிதுரைதான் இந்த ஊரில் பெரிய புரோக்கர், அவருக்கு டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். நேரிலேயே போய்க் கேட்டேன்.

"அஞ்சு வருசம் அசைய மாட்டானா? நல்லாருக்கு. அஞ்சு வருசமும் நான் இன்னாம்மா திம்பேன்? ஒவ்வொரு வாட்டியும் ஆளு மாறுனாத்தான் எனக்கு ஒரு மாச வாடக. என் பொழப்புல மண்ணப் போடறேன்னு அச்சடிச்சி என் கையிலயே குடுக்குறியே, உன்ன மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்ல."

டீக்கடையே சிரித்தது. ஒருவர், "வூட்டுக்கு ஆயா வேலையாம்பா!" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

தெரியாமலா இருந்தேன்? இந்த வீட்டுக்கே புரோக்கர் மூலம்தானே வந்தோம். கமிஷன் கொடுத்தது நான்தானே. தெரிந்தே எப்படி அப்படி எழுதினேன்? கசாப்புக் கடையில் போய்க் கீரை நல்லது என்று நோட்டீஸ் கொடுத்த மாதிரி.

17 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. எம்.டி.யின் புதுத் திட்டம் — ஆடி ஆஃபர். முதல் மாதக் கட்டணம் இலவசம்.

"சார், ஆடியில யாரும் வீடு மாறமாட்டாங்க."

"ஜவுளிக்கடையில கூட்டம் அலைமோதுதே மேடம்?"

புடவைக்குள் யாரும் பால் காய்ச்சிக் குடியேறுவதில்லை என்று சொல்ல நினைத்தேன். "சரிங்க சார்" என்றேன். சம்பளம் வாங்குகிறேனே.

19 ஜூலை

பாரிக்கு இருமல். மூச்சில் சத்தம் வருகிற மாதிரி இருக்கிறது. இல்லையோ? காதை வைத்துக் கேட்டால் என் நெஞ்சுதான் அடிக்கிறது.

24 ஜூலை

கமலக்கா ஊருக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் பாரியை இடுப்பில் வைத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ஆடிக்குப் பயப்படாத ஊர் எது என்று யோசித்ததில் வந்த ஞானம். ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தான். எத்தனை பேர் பிடித்த கம்பி! துடைத்துத் துடைத்துப் புடவைத் தலைப்பே கறுத்துவிட்டது.

விசாரித்துக்கொண்டு போன முதல் வீடு ஜெய்த்தூன் அக்காவுடையது. கதவு திறந்தது எனக்காக இல்லை, பாரிக்காக. அவர் வீட்டுக்காரர் குவைத்தில். விருத்தாசலத்தில் இரண்டு வீடு கட்டிப் போட்டிருக்கிறார்கள், இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன.

"எங்களுக்கு ஏதும்மா ஆடி? நல்ல ஆளா இருந்தா நாளைக்கே வரட்டும். வருசத்துக்கு ஒருத்தன் வர்றான், ஆணி அடிக்கிறான், போயிடுறான். ஒவ்வொருத்தனுக்கும் நான் வெள்ளையடிச்சி மாளல."

அதுதான், ஐந்து வருஷம் அசையாத ஆள்! நோட்டீஸை எடுத்து நீட்டினேன்.

"சாமிதுரை அண்ணன்ட்ட சொல்லிட்டீங்கல்ல? அவரு இல்லாம எங்க வூட்டுக்காரரு ஒண்ணும் செய்யமாட்டாரு."

போச்சு.

26 ஜூலை

யோசித்து யோசித்துத் தலைவலி. ஆள் மாறினால் அவருக்குக் காசு. மாறாவிட்டால் எனக்குக் காசு. ஒரே பெஞ்சில் எப்படி உட்காருவது?

மாறாமல் இருந்தாலும் அவருக்குக் காசு என்றால்?

28 ஜூலை

டீக்கடை. சிரித்த அதே ஆட்கள், அதே பெஞ்சு. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை அக்ரிமெண்ட் புதுப்பிப்போமே, அதே ஆள் தொடர்ந்தால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் எங்கள் கட்டணத்திலிருந்து அரை மாத வாடகை உங்களுக்கு என்றேன். அலையவும் வேண்டாம், வீடு காட்டவும் வேண்டாம்.

சாமிதுரை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"எழுதிக் குடுப்பியா?"

"கொடுக்கிறேங்க."

"உங்க மொதலாளி ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க வைக்கிறேன்." இப்படிப் பேசியது நான்தானா?

"இத அந்த நோட்டீஸுல போட்டிருந்தா எனக்கு ஒரு மாசம் கோவம் மிச்சம்" என்றார். பிறகு கடைக்காரரிடம், "ஆயாவுக்கு ஒரு டீ போடுப்பா."

சர்க்கரை அதிகம். குடித்தேன்.

30 ஜூலை

எம்.டி.யிடம் சொன்னேன். அரை மாதமா என்று முதலில் குதித்தார். பூஜ்யம் வீட்டுக்கு முழுக் கட்டணம் எவ்வளவு சார் என்று கேட்டேன். கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "டிரை பண்ணுங்க."

25 ஆகஸ்ட்

ஆவணி பிறந்ததுதான் தாமதம். சாமிதுரை தினமும் ஒரு வீட்டுக்காரரை அழைத்து வருகிறார். மற்ற புரோக்கர்களும் வருகிறார்கள், "அந்த அரை மாசம் எங்களுக்கும் உண்டா?" என்று. ஜெய்த்தூன் அக்காவின் இரண்டு வீட்டுக்கும் ஆள் வந்தாயிற்று. வடை தின்ற நெய்வேலிக்காரரும் வந்தார். சதுர அடி கேட்கவில்லை.

30 ஆகஸ்ட்

இருபத்து மூன்று வீடு. மேசை நிற்கிறது. "நம்ம ஆடி ஆஃபர் கிளிக் ஆயிடுச்சு பாத்தீங்களா" என்றார் எம்.டி. ஆமாம் சார்.

வீட்டில் சொன்னேன். அவர் பாரியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அப்புறம், "எங்க கம்பெனியில அடுத்த மாசம் சூளைய அணைக்கிறாங்களாம்" என்றார்.

21 செப்டம்பர்

ஸ்டேஷன். மோர்பிக்குத் தனியாகத்தான் போகிறார். முதலில் ஆறு மாதம், பிறகு பார்க்கலாம் என்று முடிவு. முடிவு செய்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாரி ரயிலுக்கு டாட்டா காட்டினான், அப்பாவுக்கு இல்லை.

12 அக்டோபர், ஞாயிறு

அவர் போன் பண்ணினார். இன்னும் தங்கராசு ரூமில்தான், ஐந்து பேரோடு. வீடு கிடைக்கவில்லையாம். போகிற இடமெல்லாம் தனி ஆளுக்குக் கிடையாது, குடும்பம் வந்தால்தான் சாவி என்கிறார்களாம்.

ஜெய்த்தூன் அக்கா வீட்டு அக்ரிமெண்ட்டில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

"அந்த ஊரு புரோக்கர் நம்பர் குடுங்க. நான் பேசறேன்" என்றேன்.

"ஒனக்கு இந்தி தெரியுமா ப்ரியா?"

"அந்தப் புரோக்கர் கடையில யாருக்காவது இங்கிலீஷ் தெரியும். இல்லன்னா தங்கராசு அண்ணன் சொல்லட்டும். தனி ஆளா இருந்தாலும் வாடகை தேதி தப்பாதுன்னு நான் உத்தரவாதம் தரேன். புரோக்கருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்."

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

"அப்ப நீ வரல" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

பாரி தூக்கத்தில் இருமினான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் வைக்காமல் காத்திருந்தார்.

"நம்பரச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். எழுதிக்கொண்டேன்.