பலாமரத்தடியில் பாதிப் பெரணி

என்னங்க, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இருக்கிற இடத்தில் நிழல் இருக்கிறதா?

இங்கே திண்டிவனத்தில் பங்குனி வெயிலே சுடுகிறது. அப்படியும் கொல்லைப் பலாமரத்தடியில் நீங்கள் வைத்த பெரணிகள் சுருண்ட தளிரை விரித்துக்கொண்டுதான் இருந்தன. "வேருல கொட்டாத, எல நனையறாப்புல தெளி" என்பீர்களே, அப்படியே காலையும் மாலையும் தெளித்தேன். பூக்காது, காய்க்காது, இதற்கு இவ்வளவு சீராட்டா என்று உங்களைக் கேலி செய்தவள்தான் நான்.

உங்கள் ஊர் கெடார்ப் பக்கத்துக் கோயில் காட்டிலிருந்து தோண்டி வந்தீர்கள். அங்கே ஒரு சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்று தெரிந்தும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். அடுத்த மழைக்காலத்தில் ஜுரம் வந்து போய்ச் சேர்ந்தீர்கள். நான் இரண்டையும் முடிச்சுப் போட்டதில்லை. உங்கள் அக்கா போட்டார்.

போன வாரம் நம் பாப்பாவுக்கு ஜுரம். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் இறங்கவில்லை. அக்கா வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சாமி காட்டுல கை வெச்சான், போயிட்டான். நீ இன்னும் அதையே வளத்துக்கினு இருக்க. பொண்ணு வேணாமா உனக்கு? ஜல்தியா கொண்டுபோயி வெச்சிட்டு வாம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கை மண்வெட்டியைத் தேடிப் போனது. பாதியைத் தோண்டிக் கூடையில் வைத்து, ஈரச்சாக்கு மூடி, விழுப்புரத்தில் பஸ் மாறி அந்தக் கோயில் காட்டுக்குப் போனேன். நீங்கள் சொல்லியிருந்த ஊற்றுக் கரையில் நீங்கள் தோண்டிய குழியே தெரியவில்லை. புதுப் பெரணி அடர்ந்து கிடந்தது. சாமிக்குக் கோபம் என்றால் அங்கே மறுபடி முளைக்க விடுமா? உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டேதான் நட்டேன்.

மறுநாள் ஜுரம் விட்டது. இன்று சத்துணவுத் தட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். மாத்திரைக்குக் கேட்டதா, கூடைக்குக் கேட்டதா? அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "மீதி எப்பம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் பலாமரத்தடியில் நிற்க முகமில்லை.

இன்றும் மீதிப் பாதிக்குத் தெளித்தேன், இலை நனைய. அவள் நன்றாக இருக்கும்வரை ஒரு வேளையும் தவறாமல் தெளிப்பேன், இது சத்தியம். அவள் உடம்பு மறுபடி சுட்டால் யாரும் சொல்ல வேண்டாம், நானே மண்வெட்டியை எடுப்பேன். அன்றைக்கு என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா