சாட்சிகள் தங்கும் வீடு

1947 பிப்ரவரி 11, செவ்வாய். நூரெம்பெர்க்.

துவைத்துப் போட்ட காலுறை இரண்டு நாளாகியும் காயவில்லை. இந்த வீட்டில் கணப்புக்குக் கரி மாலையில் மட்டும்தான். ஆனாலும் அகதி முகாமுக்கு இது மேல். எனக்கென்று ஒரு அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதுதான் குறை.

நாஜி வழக்கு விசாரணைக்குச் சாட்சி சொல்ல வருகிற எல்லோரையும் அமெரிக்கர்கள் இங்கேதான் தங்க வைக்கிறார்கள். எல்லோரையும் என்றால் உயிர் தப்பிய எங்களையும், அவர்களையும். கூண்டில் நிற்கிறவர்களுக்காகப் பேச வந்த பழைய அதிகாரிகள் மாடியில் என் எதிர் அறைகளில். சாப்பாடு ஒரே மேசையில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "மேசையில வழக்கு பேசக் கூடாது. மழை, பனின்னு ஏதாவது பேசுங்க."

இன்று காலை புதிதாக ஒருவர் என் எதிரே உட்கார்ந்தார். தாடி. ஒட்டிய கன்னம். வெண்ணெய்த் தட்டை என் பக்கம் நகர்த்தி, "தயவுசெய்து எடுத்துக்கங்க, அம்மணி" என்றார்.

அந்தக் குரல்.

கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 12

கதவுக்கு முட்டாக நாற்காலியைப் போட்டேன். அப்படியும் கண் மூடவில்லை.

பிப்ரவரி 13

எழுதினால் நடுக்கம் குறைகிறதா பார்க்கிறேன்.

போலந்தில் என் ஊரான ஸ்தாரோவ்காவில், 1942 அக்டோபரில், ஊரிலிருந்த யூதர்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்க வைத்தார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் ஜெர்மன் அதிகாரி ஒருவர் வரிசையோரமாக நடந்து வந்தார். மழித்த முகம், பருத்த உடம்பு. பெயர் எங்களுக்குத் தெரியாது. கத்தமாட்டார், அடிக்கமாட்டார். அதனாலேயே ஊரில் அவருக்கு "நல்ல மனுஷன்" என்று பேர்.

நான் மருந்துக்கடையில் மருந்து கலப்பவள். அவர்களுக்குத் தேவைப்படுகிறவள். என்னை வலப்பக்கம் போகச் சொன்னார். என் கணவன் நாஃப்தாலியின் தோளில் எங்கள் ஸூலா இருந்தாள். ஐந்து வயது. "நீங்க இடப்பக்கம், தயவுசெய்து." அவ்வளவு மரியாதை. இடப்பக்கம் போனவர்கள் செங்கல் சூளைக் குழியிலிருந்து திரும்பவில்லை.

இந்த மேசைக்காரரின் பெயர் டாக்டர் ஹால்பாக். சட்டம் படித்த டாக்டர். கூண்டில் இருக்கும் தன் மேலதிகாரிக்காகப் பேச வந்திருக்கிறாராம். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவரா? மனசுக்குள் தாடியை மழித்துவிட்டு, உடம்பில் சதை போட்டுப் பார்க்கிறேன். ஒரு நேரம் அவர்தான். ஒரு நேரம் யாரோ.

எந்த ஊர் என்று கேட்டார். வார்சா என்று பொய் சொன்னேன். என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்துவிட்டால்?

பிப்ரவரி 14

அரசுத் தரப்பில் வேலை செய்யும் வக்கீல் ஹெர்மெலினிடம் சொல்லிவிட்டேன். லெம்பெர்க் ஊர்க்காரர், நம்மவர், யூதர். அவர் வீட்டிலும் யாரும் மிச்சமில்லை. நான் போர்க்கால வதை முகாமைப் பற்றிச் சொல்ல வந்தவள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அவர் முகத்துக்கு நேரா சொல்லணும்மா. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சே, எப்படித் தெரியும்னு எதிர்த்தரப்பு கேக்கும். இவர்தான்னு நிச்சயமா சொல்வீங்களா?"

"குரல்…"

"குரல் மட்டும் போதாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? நாம மட்டும் ஏன் இவ்ளோ கேக்கணும்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு முன்னாடி, ஒரு அரசாங்கம் ஜனங்களக் கொன்னா அதைக் கேக்கறதுக்குக் கோர்ட்டே கிடையாது. இப்பதான் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ என்ன செஞ்சேன்னு கேக்கறோம். மனித குலத்துக்கே எதிரான குற்றம்னு பேர் வச்சிருக்கோம். ஆள் மாறிப்போச்சுன்னா, கேட்ட கேள்வியே பொய்யாயிடும்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது பயம் இரண்டு. அவராக இருந்தால். அவராக இல்லாவிட்டால்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தங்கை கித்தலா அகதி முகாமிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். ஏழு மாத வயிறு. நின்ற வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பொட்டியக் கட்டுக்கா. கப்பல் கெடச்சா எங்கயாவது போயிடுவோம். நீ சொல்லுவ, அவன் சிரிச்சிக்கிட்டே வெளிய வருவான், அப்புறம் உன்னத் தேடி வருவான்."

"ஸூலாவுக்காக யாரு கேக்கறது?"

"எந்த ஜட்ஜு அவளத் திருப்பித் தருவான்?"

சாயங்கால ரயிலில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கடைசிவரை என்னையே முறைத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 17

காலையில் சாப்பாட்டு மேசையில் ஹால்பாக் மறுபடி வார்சா பேச்சை எடுத்தார். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, "நான் வார்சா இல்லை. ஸ்தாரோவ்கா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கரண்டிகூட நிற்கவில்லை. "அட, ஸ்தாரோவ்காவா? நான் அங்க ஒன்றரை வருஷம் இருந்தேனே. அழகான ஊர். சர்ச்சுக்கு எதிர்ல ஒரு மருந்துக்கடை இருக்கும். என் இருமலுக்கு நல்லா மருந்து கலந்து கொடுப்பாங்க."

"அங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்கு ஆள் பிரிக்கறதுதான். என்னால முடிஞ்சவரைக்கும் நிறையப் பேரக் காப்பாத்தினேன், அம்மணி."

"வெளியில பனி கொட்டுது பாருங்க" என்றாள் வீட்டம்மாள் அவசரமாக.

தட்டை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அந்த மருந்தைக் கலந்தது நான்.

பிப்ரவரி 18

ஹெர்மெலினிடம் சொல்லிவிட்டேன். அவர்தான், நிச்சயம் என்று. வியாழக்கிழமை கோர்ட்.

பிப்ரவரி 20, வியாழன்

முதலில் அவரைக் கேட்டார்கள். கிராக்கோவில் காகித வேலைதான் பார்த்தேன், ஸ்தாரோவ்காவுக்கே போனதில்லை, எந்த மைதானத்திலும் நின்றதில்லை என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போலிஷில் சொல்லச் சொல்ல, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் மொழிபெயர்த்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"இவர் உங்களை அடிச்சாரா?"

"இல்லை."

"திட்டினாரா?"

"இல்லை."

"தயவுசெய்துன்னு சொன்னார்னு நீங்களே சொல்றீங்க. இவர் மேல என்னதான் குற்றம்?"

வக்கீலை விட்டுவிட்டு நீதிபதிகள் பக்கம் திரும்பினேன். "என் புருஷனையும் குழந்தையையும் குழிக்கு அனுப்பினார். எங்கே போறாங்கன்னு தெரிஞ்சே அனுப்பினார். அடுத்த வாரம் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். கொடுத்தேன். இப்ப அந்த ஊருக்கே வரலைங்கறார். திங்கக்கிழமை சாப்பாட்டு மேசையில, ஒன்றரை வருஷம் அங்க இருந்தேன்னு இவரே சொன்னார்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தபின் மாடிப்படியில் அவர் எதிரே வந்தார். வேறு யாரும் இல்லை. சுவரோடு ஒட்டி நின்றேன். தொடவில்லை. அதே தாழ்ந்த குரல்: "ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, அம்மணி. அன்னைக்கு உங்கள வலப்பக்கம் அனுப்பினது யாரு?"

அறைக்குள் ஓடிக் கதவுக்கு நாற்காலியைப் போட்டேன்.

பிப்ரவரி 21

காலையில் இரண்டு சிப்பாய்கள் வந்து அவனைக் கைது செய்து கூட்டிப் போனார்கள். அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். என் உயிர் அவன் போட்ட பிச்சையா — இல்ல. இல்லவே இல்ல. பிரிக்கறதுக்கு நீ யாருடா? இதை நேற்றே கேட்டிருக்கலாம். பயத்தில் புத்தி உறைந்துவிட்டது.

ஏப்ரல் 8. முகாம்.

பாஸ்கா பண்டிகை வாரத்தில் கித்தலாவுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். ஸூலா என்று வைக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். சாயங்காலம் போய், வை என்றேன்.

1948 மார்ச் 9, செவ்வாய்

ஹெர்மெலின் நேரில் வந்தார். போலந்துக்கு அனுப்பி அங்கே விசாரித்தார்களாம். ஹால்பாக்குக்கு ஏழு வருஷம்.

"ஏழா? ஒரு ஊருக்கே ஏழா?" என்றாள் கித்தலா.

"குறைச்சல்தான்" என்றார்.

உண்மையில் அவர் வந்தது வேறு காரியமாக. பக்கத்துக் கட்டடத்தில் பாஷா என்று ஒருத்தி, கோவ்னோ ஊர்க்காரி. வேறொரு வழக்கில் அவள் சாட்சி. போகமாட்டேன் என்று போர்வைக்குள் கிடக்கிறாளாம். போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அவங்களோட ஒரே மேசையில உக்காரணுமாமே?"

"ஆமா."

"உங்களுக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

போர்வையை விலக்கி எழுந்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

நாளைக் காலை நூரெம்பெர்க் ரயில், அவளோடு நானும். இரண்டு பேருக்கும் ஒரே அறை வேண்டும் என்று ஹெர்மெலினிடம் சொல்லியிருக்கிறேன்.