எனக்குக் கேட்டது, அம்மா

என் அம்மாவுக்கு, உன் மூத்தவள் எழுதுவது.

நாளையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. படையலுக்காக நான் முந்தாநாளே கேமரன் மலைக்கு வந்துவிட்டேன். கம்போங் ராஜாவில் மழை விட்டபாடில்லை. தம்பி பெண்டாட்டி தேவி துவைத்துப் போட்ட உன் பச்சைச் சேலை மூன்று நாளாக அடுப்படிக் கொடியில் ஈரமாகவே தொங்குகிறது. அதைத்தான் படையலில் வைக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். இஸ்திரி போட்டே காயவைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி கண் வரைக்கும் வந்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, நிழல் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. நடக்கிற சத்தத்தை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிக்கிறார். நீ போனதிலிருந்து அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கம்மா குரல் எதுலயாவது இருக்காம்மா? ஒருக்கா கேட்டாப் போதும்." தம்பி சரவணன் தன் போனை முழுக்கத் துழாவிப் பார்த்தான். தேவியின் பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப் போயிருந்தது. பிறகு என்னிடம் கேட்டார்கள். இல்லை என்றேன்.

இருந்தது, அம்மா. நாற்பது வினாடி வீடியோ ஒன்று. ஒரு வருஷமாக அதை என் போனில் வைத்துக்கொண்டு, கண் தெரியாத மனிதரிடம் இல்லை இல்லை என்று சொல்லிவந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும் என்று இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். உன் குரலைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்பா எதற்கு ஏங்குகிறார் என்று அவர்களுக்குப் புரியாது. நீ தேயிலைத் தோட்டத்தில் மண்டோர். கொழுந்து பறிக்கப் போனவள், நாற்பது பேரை வேலை வாங்குகிறவளாக ஆனாய். விடியும் முன்னே ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், பனியில் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. உன் குரல் மட்டும் மேல் லயத்து வீடுகள் வரைக்கும் வந்து எங்களை எழுப்பும். வங்காளதேசத்திலிருந்து வந்த ஷஃபிக்குல் உன் வாயில் சபிக்குலு ஆனார். ஜஹாங்கீர் ஜாங்கிரி ஆனார். இரண்டு பேரும் முகம் கோணாமல் "இருக்கேன்மா" என்று தமிழிலேயே பதில் சொன்னார்கள்.

இப்போது பெரட்டில் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலை வைத்தால் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த மெஷினை நீ என்ன திட்டு திட்டியிருப்பாய் என்று நானும் தேவியும் பேசிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

பெரட்டை நீ வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாய். நாலு வயதில் சரவணன் ஈப்போத் தைப்பூசக் கூட்டத்தில் காணாமல் போய், ஒரு மணி நேரம் கழித்து யாருடைய பந்தலிலோ மோர் குடித்துக்கொண்டு கிடைத்தான். அன்றிலிருந்து குடும்பமாக எங்கே போனாலும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை பெயர் கூப்பிடுவாய். அதுவும் தோட்டத்தில் கூப்பிடுகிற மாதிரி அப்பா பெயரோடு. "வாசுகி முனியாண்டி!" இருக்கேன். "சரவணன் முனியாண்டி!" இருக்கேன். கடைசியில் "முனியாண்டி!" என்பாய். அப்பா ஒரு இருமல் இருமுவார். அதுதான் அவர் பதில்.

கோலாலம்பூர் பயணம் என் ஏற்பாடு. நான் அங்கே வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் நீங்கள் ஒரு தடவைகூட வந்து ஊரைச் சுற்றிப் பார்த்ததில்லை. மூன்று நாள், கோலா தெர்லாவில் இருக்கும் மணியம் மாமாவின் வேன், மணிக்கணக்கு போட்ட பட்டியல். பட்டியல் போடுகிற புத்தி எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. மலை இறங்கி வியர்த்து ஊற்றியும் நீ ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. "வேன்ல ஏர்கான் போட்டிருக்குலா, நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்றாய். உன் தொண்டை அப்போதே கம்மியிருந்தது. நான் ஒரு இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பத்துமலைப் படியில் எங்களை எல்லாம் முந்திக்கொண்டு ஏறினாய். சரிவில் கூடை சுமந்த கால் அது, நாங்கள் நாக்குத் தள்ளி நின்றோம். பேரங்காடியில் நம் மலைப் படம் போட்ட தேயிலைப் பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "தூளு பழசு" என்று கடைக்காரப் பெண்ணிடமே சொன்னாய். இரண்டாம் நாள் இரட்டைக் கோபுரத்தின் மேலே நின்று கீழே பார்த்தபோது நீ கேட்டதை இன்னும் ஆபீஸில் நினைத்துக்கொள்வேன். "இவ்வளவு சனத்துக்கு எங்கலா பெரட்டு வைப்பாங்க?" வாய்விட்டுச் சிரித்தேன். உன்னோடு அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

கீழே இறங்கி வந்ததும் நீரூற்றுப் பக்கம் நின்று படம் எடுத்தோம். எல்லோருக்கும் தண்ணீர் வாங்கிவர நான் போனேன். அங்கே என் மேனேஜரும் அவர் மனைவியும் எதிரே வந்தார்கள். வசதியானவர்கள் இருக்கும் பங்சாரில் வீடு, பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ்க்காரர்கள்தான். ஆபீஸில் நான் வாசுகி இல்லை, வாஸ். எந்த ஊர் என்று கேட்டால் கேமரன் என்பேன். கேட்டவர்கள் ஹோட்டலையும் ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தையும் நினைத்துக்கொள்வார்கள். நானும் அவர்கள் நினைப்பைத் திருத்தியதில்லை.

அப்போது நீ பெயர் கூப்பிட ஆரம்பித்தாய்.

அந்தக் கம்மிய தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்ததோ. சரவணன், தேவி, அப்பா. பிறகு "வாசுகி முனியாண்டீ!" சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபது அடி தூரம்கூட இருக்காது. நான் உன்னைப் பார்த்தேன். அந்த வெயிலில் பழுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வாய்ப் பக்கம் கையைக் குவித்து, தோட்டத்தில் நிற்கிற மாதிரியே நின்றாய். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"யாருங்க அது, இப்படிக் கத்துறது?" என்றார் மேனேஜரின் மனைவி.

"தெரியலங்க. யாரோ எஸ்டேட் ஆளுங்க போல" என்றேன்.

சொல்லிவிட்டேன், அம்மா. இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சரவணன் இதைப் படிப்பான். படிக்கட்டும். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் சம்பளச் சீட்டில் முனியாண்டி என்று இருப்பது அவருக்குத் தெரியாதா? யாரை ஏமாற்றினேன் நான்?

நீ மொத்தம் நாலு தடவை கூப்பிட்டாய். மூன்றாவதில் குரல் உடைந்தது. நாலாவது பாதியிலேயே நின்றுபோனது. அவர்கள் போன பிறகு தண்ணீர் பாட்டிலோடு வந்தேன். "எங்கக்கா போயிட்ட? அம்மா தொண்ட கிழியக் கூப்பிட்டாங்க" என்றான் சரவணன். கேட்கவே இல்லை என்றேன். நீ பாட்டிலை வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, வேன் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டாய்.

அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் நீ பெயரே கூப்பிடவில்லை. மீன் காட்சிக்குப் போனோம், ரயிலில் ஏறினோம், இறங்கினோம். ஒவ்வொருவர் தோளையும் விரலால் தொட்டு, உதட்டுக்குள்ளேயே எண்ணினாய். அப்பாடா, அம்மாவுக்கு ஒரு வழியாகப் பட்டணத்துப் பழக்கம் வந்துவிட்டது என்று நான் நிம்மதிப்பட்டேன். உண்மையாகவே நிம்மதிப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த மாதம் உன் குரல் போய்விட்டது. தொண்டையில் கட்டி, எப்போதோ வந்தது என்றார் ஈப்போ டாக்டர். கத்தியதால் வந்ததா என்று நான் மட்டும் தனியாகப் போய்க் கேட்டேன். இல்லை என்று பொறுமையாகத்தான் சொன்னார். குரல்வளையை எடுத்தார்கள். மிச்சமிருந்த மாதங்களில் நீ மைலோ டப்பாவைக் கரண்டியால் தட்டி ஆட்களைக் கூப்பிட்டாய். சரவணனுக்கு ஒரு தட்டு, தேவிக்கு இரண்டு, அப்பாவுக்கு மூன்று. எனக்கு என்று ஒரு தட்டும் வைக்கவில்லை. நான் சனிக்கிழமைதானே வருகிறேன், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் வந்து நின்றால் பார்த்துக் கையசைப்பாய். நானாகப் பக்கத்தில் வரும் வரைக்கும் காத்திருப்பாய்.

நீரூற்றடியில் தேவி எடுத்த வீடியோவில் எல்லாம் இருக்கிறது. அன்றைக்கே படங்களோடு சேர்த்து எனக்கு அனுப்பியிருந்தாள், அவளே மறந்துவிட்டாள். முதலில் நீ. பிறகு உன் கண் போகிற பக்கம் அவள் போனைத் திருப்புகிறாள். அங்கே கூட்டத்துக்கு நடுவில் நான், உன்னை நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன். உன் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அதைக் கொடுத்தால் என் முதுகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்று காலை அப்பா வாசலில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, "நாளைக்குப் படையல்ல உங்கம்மா படம் இருக்கும். எனக்கு என்ன தெரியப் போகுது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை அவர் காதுப் பக்கம் வைத்து வீடியோவைப் போட்டேன்.

தண்ணீர் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், "அத்த, இங்க பாருங்க" என்று தேவி. பிறகு நீ. "சரவணன் முனியாண்டி!" அப்பா போன் பக்கம் தலையைச் சாய்த்தார். "தேவி சரவணன்!" "முனியாண்டி!"

அப்பா இருமினார், அம்மா. போனுக்குள் இருந்த அப்பாவும் இருமினார். இரண்டு இருமலும் ஒன்றாகக் கேட்டன. அதன் பிறகு என் பெயர், நாலு தடவை.

"இன்னொருக்கா போடும்மா" என்றார். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் இருமினார். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், உனக்குக் கேக்கல. அந்தத் தண்ணி சத்தத்துல எங்க கேக்கப் போகுது" என்றார்.

அவருக்குப் படம் தெரியாது. நான் ஊம் என்று சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துபோகும். அந்த ஊம் என் வாய் வரைக்கும் வந்தது.

"கேட்டுச்சுப்பா. கேட்டுத்தான் திரும்பிக்கிட்டேன். ஆபீஸ் ஆளுங்க கூட இருந்தாங்க. வெக்கமா இருந்துச்சு."

அப்பா தேநீரைக் கீழே வைத்தார்.

"தெரியும்லா" என்றார். "வேன்ல ஏறும்போதே உங்கம்மா எங்கிட்ட சொல்லிட்டா. பிள்ளைக்குக் கூச்சமா இருக்கு, அவ வேலை பாக்குற ஊரு, நான் பாட்டுக்குக் கத்திட்டேன், இனிமே அவள மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்னா. நான் உன் வாயால கேக்கலாம்னு இருந்தேன்."

"அழுதாங்களாப்பா?"

"இல்ல. தொண்ட வலிக்குதுன்னு இன்னும் கொஞ்சம் தண்ணி கேட்டா."

அப்படியானால் குரல் போனதால் நீ என்னைக் கூப்பிடாமல் இருக்கவில்லை. குரல் இருந்த கடைசி ஒரு மாதமும் நீயாகத்தான் கூப்பிடவில்லை. போனில் பேசினாலும் "ஆங், சொல்லு" என்றுதான் ஆரம்பிப்பாய். மைலோ டப்பாவிலும் எனக்கு ஒரு தட்டு வைக்காமல், நானாக வரும் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். கோபமாக இருந்திருந்தால் ஒரு சொல் திட்டியிருக்கக் கூடாதா? உன் திட்டை வாங்கிப் பழகியவள்தானே நான். இப்படிப் பெயரை எடுத்து வைத்துவிட்டுப் போனால் நான் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த இருபது அடி தூரத்தில் நான் மேனேஜர் மனைவியிடம் சொன்னது உனக்குக் கேட்டதா? கேட்டிருக்காது என்று சொல்லிக்கொள்கிறேன். நாலாவது தடவை நீ ஏன் பாதியில் நிறுத்தினாய்?

அப்பா ஒரு வேலை சொல்லியிருக்கிறார். நாளைக்குப் படையல் முடிந்ததும், வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி அதைப் பெரிய டிவியில் போட வேண்டுமாம். சபிக்குலுவும் ஜாங்கிரியும் வேலை முடித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். லயத்துச் சனமும் வரும். கேட்பவர்கள் பார்க்கவும் செய்வார்கள். சத்தத்தை மட்டும் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

போடுகிறேன், அம்மா. முழுசாகப் போடுகிறேன். எல்லோரும் என் முதுகைப் பார்க்கட்டும். நீ முதல் தடவை கூப்பிடும்போதே, உன் குரல் உடைவதற்கு முன்னாலேயே, மேல் லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி நான் பதில் சொல்வேன். உனக்குக் கேட்காது என்று தெரியும். ஆனாலும் சொல்வேன்.

இருக்கேன்மா.

உன் மூத்த மகள்,
வாசுகி முனியாண்டி