ஆதரவற்ற என்ற சொல்

மார்ச் 4, புதன்
கன்னியர் மடத்துத் தொண்டு அலுவலகத்திலிருந்து சிஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். முதியோருக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் வேண்டும் என்று இத்தனை நாள் கேட்டதற்கு நகர மன்றம் இறங்கி வந்திருக்கிறது. வரைவு கொடுங்கள், அதை வைத்தே விதி எழுதுகிறோம் என்கிறார்களாம். "திருத்தம் நீங்கதாம்மா பாக்கணும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். தமிழ் டீச்சராக இருந்த என்னை விட்டால் வேறு யார் பார்ப்பது? முதல் பக்கத்திலேயே மூன்று ஒற்றுப்பிழை.

மார்ச் 9, திங்கள்
ஜெபம் முடிந்ததும் வரைவை எடுத்தோம். சிஸ்டர், வக்கீல், நான், டைப்பிஸ்ட். கோர்ட்டில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். பெயர் சொல்லி அவளை யாரும் அழைப்பதில்லை. "அக்கா, உங்க சிவப்பு மை பட்டா வேதாகமமே ரெண்டு பக்கம் குறைஞ்சிடும்" என்றாள். ஆலயத்துக்கு அடுத்த அறையில் இப்படிப் பேசலாமா? சிஸ்டரே சிரித்துவிட்டார்.

வக்கீல் 'தனியாக வசிக்கும் முதியோர்' என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டு 'ஆதரவற்ற முதியோர்' என்று போட்டேன்.

"தனியா இருக்காங்கன்னா சுலபமா நிரூபிச்சிடலாமேம்மா" என்றார்.

"தனியாக வசிப்பவரெல்லாம் இரக்கத்துக்கு ஏங்குகிறவர்களா? நான்கூடத்தான் தனியாக இருக்கிறேன்."

டைப்பிஸ்ட் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நர்ஸ் கிடையாதுன்னு சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே டைப் அடித்தாள்.

மார்ச் 15, ஞாயிறு
மகன் போன் செய்யவில்லை. வேலையாக இருப்பான்.

ஏப்ரல் 2, வியாழன்
தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வாசகம் ஒரு சொல்கூட மாறாமல். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 20, திங்கள்
டைப்பிஸ்ட் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. குழாயைத் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டு ஓடியிருக்கிறாள்.

மே 6, புதன்
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் இரண்டு மகன்களில் பெரியவனுக்கு லீவு இல்லை. சின்னவன் சக்கர நாற்காலி வாங்கி அனுப்பியிருக்கிறான். "நாற்காலி வந்துடுச்சுக்கா. தள்ளத்தான் ஆளைச் சேத்து அனுப்ப மறந்துட்டான்."

பக்கத்து வீட்டுப் பெண் சாப்பாடு கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். விரிப்பு நனைந்திருந்தது. நானும் சிஸ்டருமாகப் புரட்டிப் போட்டோம். முதுகின் அடியில் படுக்கைப் புண். என் கையில் வலு இல்லை, பாதியில் நழுவிவிட்டாள். முனகினாள். நர்ஸுக்கு மனு போட்டிருப்பதாக சிஸ்டர் சொன்னார்.

மே 13, புதன்
மனு நிராகரிப்பு. நானும் சிஸ்டரும் மன்ற அலுவலகத்துக்கு நேரில் போனோம். கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாம்மா?"

"ரெண்டு பேர்" என்றார் சிஸ்டர்.

"அப்ப எப்படி ஆதரவற்றவங்க ஆவாங்க? விதியில தெளிவா போட்டிருக்கே."

தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. போட்டது நான்.

மே 14, வியாழன்
ஏன் அந்தச் சொல்லை அடிச்சே? நல்ல தமிழா? 'தனியாக' என்பதில் என்ன பிழை கண்டாய்? பிழை இல்லை. அந்தச் சொல்லுக்குள் நானும் இருந்தேன் — அதுதான். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடுவார்களோ என்று. வேற ஒண்ணுமில்ல. ஐயோ, வேற ஒண்ணுமே இல்ல.

மே 16, சனி
டைப்பிஸ்டிடம் சொன்னேன். "அடிச்சுக் குடுத்தது நான்தானே, என் விரலுக்கும் பங்கு இருக்கு" என்றாள். காய்ச்சல் அனலாக அடித்தது. "மாத்தி எழுதிடுங்கக்கா. உங்களுக்கென்ன, மறுபடியும் சிவப்பு மைதானே" என்றாள்.

ஜூன் 1, திங்கள்
விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். புண்ணின் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

ஜூன் 3, புதன்
அடக்கம். பெரியவனுக்கு லீவு கிடைத்திருந்தது.

ஜூன் 10, புதன்
அதே அறை, அதே ஜெபம். தட்டச்சு மேசை காலி. விதியைத் திருத்தச் சொல்லி மன்றக் குழுவின் முன் பேச நாள் வாங்கியிருக்கிறார் வக்கீல்.

"டைப்பிஸ்டம்மாவுக்கு நடந்ததைச் சொல்லுவோம். ஆனா குழுவுல கேள்வி கேப்பாங்க. பிள்ளை இருந்தும் பாக்க ஆளில்லாதவங்க ஒருத்தர் நேர்ல வந்து பதில் சொன்னா நல்லது."

சிஸ்டர் ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வருகிறேன் என்றேன்.

ஜூன் 18, வியாழன்
வெளுத்த நீலப் புடவை கட்டிக்கொண்டேன். பிறகு அவிழ்த்துவிட்டு, நல்ல புடவையே கட்டினேன். பரிதாபத்துக்காக வேஷம் போடுவதா?

குழுத் தலைவி கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைகள்?"

"ஒரு மகன்."

"வந்து பாப்பாரா?"

அடுத்த மாசம் வர்றான் — நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யார் கேட்டாலும் அதைத்தானே சொல்லி வந்திருக்கிறேன்?

"அவன் அப்பா அடக்கத்துக்கு வந்தான். பிறகு வரவில்லை. பதினோரு வருஷம்."

"உடம்புக்கு முடியலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

"டைப்பிஸ்டைக் கூப்பிடுவேன்" என்றேன். வாய் தவறிவிட்டது. "கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்று காலத்தைத் திருத்தினேன். வக்கீல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 7, செவ்வாய்
விதி திருத்தப்பட்டுவிட்டது. 'தனியாக வசிக்கும் முதியோர்.' அச்சிட்ட தாளை சிஸ்டர் கொடுத்தனுப்பியிருந்தார். ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. பேனாவைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, புதன்
காலையில் நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், செருப்பை ஒழுங்காக ஓரமாக விட்டுவிட்டு வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"வீட்ல வேற யாரும்மா?"

"யாரும் இல்லை."

கை வலுவைப் பார்க்க வேண்டும் என்று தன் இரண்டு விரல்களை நீட்டினாள். "நல்லா அழுத்திப் பிடிங்க."

பிடித்தேன்.

"போதும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "போதும்மா, விடுங்க."