டைனோசரின் வாயில் ஒரு கை

பாய்,

எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒருவன் தண்ணீர்த் தொட்டியின் விரிசலுக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அந்த ரெசின் வாடை ஜன்னலுக்குள் வந்ததுமே எனக்கு மூச்சு முட்டியது. எழுந்துபோய் வாசற்கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஓசூரில் நம் ஃபேக்டரி கேட்டைப் பூட்டி மாதக்கணக்காகியிருந்தது. கிருஷ்ணகிரியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். இரும்புக் கம்பிமேல் ஃபைபர் போர்த்திய, ஒரு மாடி உயர ஊனுண்ணி டைனோசர். லேத் ஓட்டிய நாம் இருவரும் அதன் வயிற்றுக்குள் வேலைக்குப் போனோம். நான் பின்னால் உட்கார்ந்து வாலை இழுக்க வேண்டும். நீங்கள் கழுத்துக்குள் நின்று, சங்கிலியால் மேல்தாடையைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்று வயிற்றுக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். காட்சி முடியும்வரை வெளிச்சம் வந்தால் அந்த வாய் வழியாகத்தான்.

மைக்கில் கத்துகிறவன், இது குதிரையைவிட வேகமாக ஓடும் என்பான். உங்களுக்குப் பொறுக்காது. லைப்ரரியில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னீர்கள்: "இவ்ளோ கனத்த வச்சிக்கிட்டு எங்க மச்சான் ஓடறது? பதுங்கி நின்னு, கிட்ட வந்ததும் ஒரே கவ்வு. எலும்போட நொறுக்கிடும்." எலும்பை அறுத்தால் மரத்தில் இருப்பதுபோல் வளையம் தெரியும், வயதை எண்ணலாம் என்றதும் நீங்கள்தான். ஆனால் முட்டையிலிருந்து வந்தது எப்படி இத்தனை பெரிதாயிற்று, குட்டியில் எதைத் தின்றது என்பது மட்டும் உங்களுக்குப் பிடிபடவே இல்லை.

இப்போது தெரிந்துவிட்டது பாய். குட்டிகள் ஒல்லியாக, நீளக் காலோடு இருந்தனவாம். சின்ன உயிர்களை ஓடித் துரத்திப் பிடித்தனவாம். விடலைப் பருவத்தில், சில வருடங்களுக்குள் மளமளவென்று பெருத்துவிடுமாம். அதன் பிறகு அந்த ஓட்டம் கிடையாது; வேட்டையும் வேறு. எல்லாம் வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்ததுதான். டிவியில் பார்த்ததும் உங்களுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

பொருட்காட்சியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, காட்சி நடுவே டைனோசருக்குள் இருந்த ஃபேன் நின்றுபோனது. எனக்கு நெஞ்சை அடைத்தது. கதவைத் தட்டினேன், ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீங்கள் இடது கையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வாய்க்கு வெளியே நீட்டி ஆட்டினீர்கள். டைனோசர் ஆளைத் தின்கிறது என்று கூட்டம் கைதட்டியது. நீங்கள் ஆட்ட ஆட்டக் கைதட்டலும் கூடியது. நான் சரிந்து விழுந்ததைத் திரும்பிப் பார்த்தீர்கள். அடுத்த நொடி தாடை உங்கள் கைமேல் இறங்கியது. ரத்தத்தைக் கண்ட பிறகுதான் கைதட்டல் நின்று, கதவு திறந்தது.

சங்கிலி நழுவிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னீர்கள். கட்டுப் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் வந்தபோது, சூளகிரி தாண்டியதும் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள்: "நழுவல மச்சான். நானாத்தான் விட்டேன். வேற எப்படி அவனுங்கள தொறக்க வைக்கறது?"

ஃபேக்டரி திறந்தது. நான் உள்ளே போனேன். மூன்று விரல் மடங்காதவருக்கு லேத்தில் இடமில்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் உங்கள் அண்ணனின் மாங்காய் மண்டிக்குப் போனீர்கள். நான் அதே ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனேன். ஒருநாள்கூட நீங்கள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன மாதம் உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகையில் உங்கள் மகன் என்னோடு நடந்து வந்தான். "மாமா, அத்தா கை எப்படி அப்படி ஆச்சு? நான் கேட்டா சிரிச்சிட்டே போயிடுவாரு" என்றான்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் பாய். "சங்கிலி நழுவிடுச்சுப்பா" என்றுதான் வந்தது.