உன் படத்தில் ஒரு வட்டம்

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். நுரையீரல் ஸ்கேனில் கட்டியைக் கண்டுபிடிக்கும் என் புரோகிராமைச் சோதிக்க, உன் ஸ்கேன் படத்தைக் கொடுத்தாயே, "என் நெஞ்சுல ஈரம் இருக்கான்னு பாருடா" என்று சிரித்துக்கொண்டே.

அந்தப் படத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி என் புரோகிராம் வட்டம் போட்டது. புரோகிராமில்தான் கோளாறு என்று திருத்தித் திருத்தி ஓட்டிப் பார்த்தேன். வட்டம் போகவில்லை.

எங்கள் ஆபீசுக்கு ஸ்கேன் பார்த்துச் சொல்லும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "சரியாத்தான் சொல்லுது. சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிடுச்சு, எடுத்துட்டா சரியாயிடும்" என்றார். புரோகிராம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதென்று ஆபீசில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்கள். யாருடைய படம் என்று நான் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த மறுநாளே அங்கு வந்துவிடுவேன். அத்தானிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்திலேயே இருப்பேன். நீ வழக்கம்போல என்னைத் திட்டிக்கொண்டே இரு, எனக்கு அது போதும்.

உன் தம்பி