போனில் இருக்கும் அம்மா

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நம் மகள் பூவிழிக்குச் சளி விட்டதா? பெங்களூரில் நான் நலம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அதற்கே பத்து நாளாகிவிட்டது.

ஆபீசில் ஒரு கூத்து. ஒரே சர்வரில் எங்கள் ஜாவா வெப் அப்ளிகேஷன்கள் இரண்டு ஓடுகின்றன. இரண்டுக்கும் வேண்டிய, 'கிளாஸ்' என்று சொல்லும் ஒரு கோடுத் துண்டை, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டின் ஃபோல்டரிலும் நான் வைத்துவிட்டேன். அதை வைத்து ஒன்று செய்து அனுப்பிய தகவலை மற்றது வாங்கவே மாட்டேன் என்றது.

"ஏம்மா, ஒரே பேரு, ஒரே கோடு. அப்பறம் எதுக்கு வேற ஆளுங்குது?" என்றார் மேனேஜர் சந்திரமோகன்.

ஒவ்வொன்றும் தானே ஏற்றிக்கொண்டதைத்தான் தன்னுடையது என்று நம்பும். இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டுப் பொது ஃபோல்டரில் ஒன்றை மட்டும் வைத்ததும் சரியாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன முறை நான் கடத்தூர் வந்தபோது, பூவிழி, தூக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு, "இந்த அம்மா வேணாம், போன் அம்மாதான் வேணும்" என்று உங்கள் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தாளே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது, மாமா.

கொடியில் கிடக்கும் என் நைட்டியை அவள் தூங்கும்போது பக்கத்தில் போடுங்கள், என் வாசனை பழகட்டும். சனிக்கிழமை அவளைத் தருமபுரி ஸ்டேஷனுக்குக் கூட்டி வாருங்கள். வீடியோ காலில் அவளோடு பேசிக்கொண்டே ரயிலைவிட்டு இறங்குகிறேன். போன் அம்மாவும் இந்த அம்மாவும் ஒருத்திதான் என்று அவளே பார்க்கட்டும்.

ஆபீஸ் கேப் வந்துவிட்டது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாலும் பிடுங்காதீர்கள். நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

உங்கள்
அமுதவல்லி